வெல்டிங் வைத்தும் திரும்பத் திரும்ப வரும் சைலன்சர் கசிவு: பழைய வண்டிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

அதிகாலை நாலு மணிக்கு உங்கள் பழைய வண்டியை ஸ்டார்ட் செய்கிறீர்கள். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் வருகிறது. ஐந்து நிமிடம் கழித்து அந்தச் சத்தம் தானாகவே குறைகிறது. "இன்ஜின் சூடானா சரியாப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். போன வருஷமும் இதே சத்தம் வந்தது, வெல்டிங் வைத்தீர்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை பேக்கிங் மாற்றினீர்கள். இப்போது மறுபடியும் அதே இடம்.

எங்கள் வீட்டு மாருதி ஆம்னியில் நடந்ததும் இதேதான். 2008 மாடல், அப்பா இரண்டாவது கையாக வாங்கியது. திருமங்கலம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டை ஏற்றிப் போகிற வண்டி. பத்து மாதத்தில் மூன்று தடவை ஒரே இடத்தில் கசிவு. ஒவ்வொரு தடவையும் 400, 500 ரூபாய் கொடுத்து வெல்டிங் வைப்போம். பணம் போனது கூட எங்களுக்கு உறைக்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து வருகிற அம்மா, "மார்க்கெட் வர்றதுக்குள்ள தலை கனத்துப் போகுதுடா, குமட்டுது" என்று சொல்ல ஆரம்பித்தார். பூ வாசனை, தூக்கக்குறைவு, பித்தம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். வீட்டில் இருக்கிற நாட்களில் அந்தத் தலைவலி வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

கடைசியில் அதைக் கவனித்தவர் ஒரு மெக்கானிக் அண்ணன். சீட்டைத் தூக்கிப் பார்த்தவர் முதலில் கேட்டது வண்டியைப் பற்றி இல்லை. "தம்பி, இதுல யாரு உக்காந்து வருவா? அவங்களுக்குத் தலைவலி எதுவும் வருதா?" என்றார்.

கசிவது வெறும் சத்தம் இல்லை

ஆம்னி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அதன் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அங்கே கசிகிற புகை வண்டிக்குள் வர அதிக தூரம் போக வேண்டியதில்லை. சீட்டு மூடியின் ஓர ரப்பர் பழசாகியிருந்தால் போதும். கியர் கம்பி வரும் ஓட்டை, துருப்பிடித்த தரைத் தகடு என்று பழைய வண்டிகளில் வழிகள் நிறைய உண்டு. கார், வேன், சிறிய சரக்கு வண்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. 'புகை நாத்தம் வரலையே' என்று நிம்மதியாக இருக்க முடியாது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து போகிற ஹீமோகுளோபினோடு இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் எவ்வளவு மூச்சு இழுத்தாலும் உடம்புக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும். முதலில் தலைவலி, பிறகு தலைச்சுற்றல், குமட்டல், அசதி, தூக்கம். ஓட்டுநருக்கே தூக்கம் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். பாரத் ஸ்டேஜ் 2 தரத்துக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு, வண்டி சும்மா ஓடும்போது புகையில் அனுமதிக்கப்பட்ட கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம். அதாவது பத்து லட்சத்தில் 30,000 பங்கு. நாம் மூச்சுவிடுகிற காற்றில் இது பத்து லட்சத்தில் 1,600 பங்கு இருந்தாலே 20 நிமிடத்தில் தலைவலியும் தலைச்சுற்றலும் வரும், இரண்டு மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. ஆகவே 'போன மாசம்தான் புகைச் சான்று வாங்கினேன்' என்பது வண்டிக்குள் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு ஆகாது. அந்தச் சான்று சைலன்சர் வால் வழியாக வெளியே போகிற புகைக்கானது. வழியில் கசிகிறதைப் பற்றி அது பேசாது.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அந்த வண்டியிலேயே இருந்த ஜெனரேட்டரின் புகை தரை வழியாக உள்ளே வந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அது ஜெனரேட்டர், நம்முடையது இன்ஜின். ஆனால் வாயு ஒன்றுதான், அது உள்ளே வந்த வழியும் தரைதான்.

எனவே கசிவைச் சரிசெய்கிற வரை சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். வண்டியை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு உள்ளே தூங்காதீர்கள். சரக்கு நீளமாக இருக்கிறது என்று பின்கதவைத் திறந்து கட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். ஓடுகிற வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புகை உள்ளே இழுக்கப்படும். யாருக்காவது தலை சுற்றினால் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். எல்லோரும் இறங்கி வெளிக்காற்றுக்கு வாருங்கள். மயக்கம், குழறல், வாந்தி என்றால் 108-ஐ அழையுங்கள். அழைக்கும்போது 'வண்டிப் புகை உள்ளே வந்தது' என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் மருத்துவருக்கு மிக முக்கியம்.

(இடையில் ஒரு சின்னச் செய்தி. இரண்டாம் உலகப்போர் காலத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தபோது, மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கி வளர்ந்த டி.வி.எஸ். நிறுவனம், கரியை எரித்து அந்த வாயுவில் வண்டி ஓட்டும் கலனைத் தயாரித்தது. அந்தக் கரி வாயுவில் எரிபொருளாக வேலை செய்ததே பெரும்பாலும் இந்தக் கார்பன் மோனாக்சைடுதான். குழாய் இணைப்பு கசியாமல் இருப்பது அந்தக் கால ஓட்டுநர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.)

கசிவு எங்கே இருக்கிறது?

கசிவைத் தேடுவதற்குச் சரியான நேரம், ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்கிற அந்த இரண்டு நிமிடம். இன்ஜின் சூடானதும் உலோகம் விரிந்து இடைவெளியை ஓரளவு மூடிவிடும், சத்தமும் அடங்கிவிடும். பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது 'எங்கண்ணே சத்தம்? நல்லாத்தானே இருக்கு' என்று மெக்கானிக் கேட்பது இதனால்தான். முடிந்தால் முந்தின நாள் இரவே வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுங்கள். முடியாவிட்டால் காலைச் சத்தத்தைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் செய்தேன், நன்றாக வேலை செய்தது.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று. வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். இன்னொருவர் பலமடிப்பாக மடித்த ஈரத் துணியைச் சைலன்சர் வாலில் சில விநாடிகள் மட்டும் அழுத்திப் பிடிக்கட்டும். குழாய் நன்றாக இருந்தால் அழுத்தம் கையைத் தள்ளும், இன்ஜின் திணறும். எங்கோ கசிந்தால் அந்த இடத்தில் 'உஸ்' என்ற சத்தம் பெரிதாகக் கேட்கும், இன்ஜின் கவலைப்படாமல் ஓடிக்கொண்டிருக்கும். இதைக் குழந்தைகளை வைத்துச் செய்யாதீர்கள். ஜாக்கி மட்டும் கொடுத்துத் தூக்கிய வண்டிக்குக் கீழே யாரும் படுக்கக் கூடாது.

அதைவிட நிதானமான வழி சோப்புத் தண்ணீர். இன்ஜின் ஆறியிருக்கும்போது, அணைத்த நிலையிலேயே, வால் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் காற்று விடுங்கள். வீட்டில் தூசி ஊதும் புளோயர் இருந்தால் அதுவே போதும். இணைப்புகள் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் கசிகிற இடத்தில் நுரை கொப்பளிக்கும். கரியையும் பாருங்கள். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் மை தீட்டியது போல் கறுப்புக் கோடு இருந்தால், அந்த வழியாகப் புகை போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்றை மட்டும் கசிவு என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். பல சைலன்சர்களின் அடியில் சின்னதாக ஒரு ஓட்டை இருக்கும். அது தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே வைத்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. தூரமாக ஓடும் வண்டியில் குழாய் சூடாகி அது வெளியேறிவிடும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து காய்கறிக் கடை, திரும்ப வீடு என்று இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் அந்தத் தண்ணீர் சைலன்சருக்குள்ளேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே தகடு பொத்துப்போவது இப்படித்தான். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் வெள்ளமாக நின்றது நினைவிருக்கும். அந்த மாதிரித் தண்ணீரில் இறங்கி வந்த வண்டிகளுக்கு வெளியிலிருந்தும் துருப் பிடிக்கும்.

அதே இடத்தில் ஏன் திரும்பத் திரும்ப?

இந்தக் கட்டுரைக்கே காரணம் இந்தக் கேள்விதான். குழாயில் ஓட்டை விழுந்தால் அடைக்கலாம். ஆனால் அடைத்த இடமே மறுபடியும் விட்டுப்போனால், நோய் அங்கே இல்லை என்றுதான் பொருள்.

எங்கள் வண்டியில் கசிந்தது மேனிஃபோல்டும் முன்குழாயும் சேருகிற ஃபிளேஞ்ச் பக்கம். மூன்று பேர் அங்கேயே வேலை செய்தார்கள். நான்காவதாகப் பார்த்த அண்ணன் அந்த இடத்தைத் தொடவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரை ஒரு முறை வெடுக்கென்று முறுக்கினார். இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. "மவுண்டிங் ஒண்ணு கிழிஞ்சு கெடக்கு. பின்னால வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் ஒன்று இல்லை. அதற்குப் பதிலாக யாரோ கட்டுக்கம்பி போட்டு இறுக்கக் கட்டியிருந்தார்கள்.

யோசித்தால் புரியும். இன்ஜின் எப்போதும் ஆடுகிற பொருள். வண்டியின் உடல் ஆடாது. இரண்டுக்கும் நடுவில் நீளமாக ஒரு இரும்புக் குழாய். அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளத்தான் இன்ஜினுக்கு ரப்பர் மவுண்டிங்கும் சைலன்சருக்குத் தொங்கு ரப்பரும் வைத்திருக்கிறார்கள். மவுண்டிங் கிழிந்தால் ஆட்டம் கூடும். கம்பி போட்டுக் கட்டினால் குழாய் அசைய வழியே இருக்காது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த இழுப்பு முழுவதும் முன் இணைப்பில் போய் விழும். நம் ஊர்ச் சாலைகளில் வேகத்தடைக்குப் பஞ்சமா என்ன? வெல்டிங் எத்தனை முறை வைத்தாலும் அது நிற்காது.

ஆகவே பட்டறைக்குப் போனதும், 'கசிவை அடைங்க' என்று சொல்வதற்கு முன்னால், 'மவுண்டிங்கையும் சைலன்சர் ரப்பரையும் ஒரு தடவை பாருங்கண்ணே' என்று சொல்லுங்கள். ரப்பர் வெடித்து, இளகி, நீண்டு போயிருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மொத்த வேலையிலேயே செலவு குறைந்த பாகம் அதுதான்.

அடுத்த காரணம் வளைந்த ஃபிளேஞ்ச். பல வருடச் சூட்டில் இந்தத் தகடு லேசாக வளைந்திருக்கும். ஸ்டீல் ஸ்கேலை அதன் முகத்தில் நிமிர்த்தி வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் இடைவெளி தெரியும். அப்படி இருந்தால் புதுப் பேக்கிங் போட்டாலும் சில வாரத்தில் ஊதிவிடும். லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்த வேண்டும். சிலர் இரண்டு பேக்கிங்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு இடைவெளியை நிரப்புவார்கள். அது கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். கழற்றிய பேக்கிங்கைத் திருப்பிப் போடுவதும் அப்படியே. ஒரு முறை அழுந்திய பேக்கிங் மறுபடி அழுந்தாது.

ஸ்டட், நட்டு விஷயத்திலும் நாம் சிக்கனம் பார்க்கிறோம். துருப்பிடித்து மெலிந்த ஸ்டட்டில் முறுக்கினால் இழுவை நிற்காது. கழற்றுவதற்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து வைக்கச் சொல்லுங்கள், பாதி ஸ்டட்டுகள் உடையாமல் வரும். புதிய ஸ்டட், புதிய நட்டு போட்டு, ஒரே பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வண்டி ஒரு முறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு திரும்ப ஒரு தடவை இறுக்கம் பார்க்க வேண்டும். 'நாளைக்கு ஒரு தடவை வந்துட்டுப் போங்க' என்று மெக்கானிக் சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். நாம்தான் போக மாட்டோம்.

குழாயை மாட்டுகிற வரிசையும் முக்கியம். எல்லா இணைப்பையும் முதலில் லூசாக மாட்டி, சைலன்சரை ரப்பரில் தொங்கவிட்டு, எந்த இடத்திலும் இழுப்பு இல்லாமல் தானாக உட்கார்ந்த பிறகுதான் முன்னாலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டு வர வேண்டும். முன்னால் இறுக்கிவிட்டு, பின்னால் எட்டாத குழாயைக் கடப்பாரை போட்டு நெம்பி மாட்டினால், அன்றைக்கே அடுத்த விரிசலுக்கு நாள் குறித்தாயிற்று.

பசையா, வெல்டிங்கா?

இரண்டு உருண்டையைப் பிசைந்து ஒட்டுகிற பசை தண்ணீர்த் தொட்டிக்கு நல்லது. மேனிஃபோல்டு பக்கம் 500 டிகிரி செல்சியசுக்கு மேல் போகும், அங்கே அது கருகி உதிர்ந்துவிடும். டியூபில் வருகிற சிலிக்கான் பசையும் அந்தச் சூட்டைத் தாங்காது. ஆக்சிஜன் சென்சார் இருக்கும் வண்டியில் அந்தச் சிலிக்கான் ஆவி சென்சாரையே கெடுக்கும். சைலன்சருக்கென்றே விற்கும் பசை, பின்பக்கம் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழையும் இடத்தில் உதவும். அவசரத்துக்கு அது சரி.

வெல்டிங் தவறில்லை, வைக்கிற இடம்தான் கேள்வி. துருவில் மெலிந்த தகட்டில் வெல்டிங் வைத்தால் வைத்த இடம் நிற்கும், பக்கத்தில் பொத்துக்கொள்ளும். நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டுக் குழாய் சேர்க்கச் சொல்லுங்கள். மேனிஃபோல்டே விரிந்திருந்தால் கதை வேறு. அது வார்ப்பிரும்பு என்றால் சாதாரண வெல்டிங் குச்சியில் ஒட்டி ஆறும்போதே பக்கத்தில் விரியும். முதலில் சூடேற்றி, நிக்கல் குச்சியில் ஒட்டி, மெதுவாக ஆறவிடத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படி ஆள் கிடைக்காவிட்டால் நல்ல நிலையில் உள்ள மேனிஃபோல்டு வாங்கி மாற்றுவதே லாபம். எதுவானாலும் குழாயைக் கழற்றி வெளியே வைத்து வெல்டிங் செய்வதுதான் பாதுகாப்பு. கழற்றாமல் செய்தே ஆகவேண்டும் என்றால் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும், பெட்ரோல் குழாய் எங்கே ஓடுகிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழாயை வேறு பாதையில் வளைத்துப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் இதற்கு விதி இருக்கிறது. பெட்ரோல் குழாயிலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் புகைக்குழாய் வரக் கூடாது என்கிறது விதி 113. கார், வேன்களில் புகை கீழ்நோக்கியோ இடது பக்கமாகவோ போகக் கூடாது. பின்னாலோ வலது பக்கமோதான் போக வேண்டும் என்கிறது விதி 112. இடது பக்கம்தானே நம் ஊரில் நடந்து போகிறவர்களும் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். சைலன்சரே இல்லாமல் வெறும் குழாயோடு ஓட்டுவது விதி 120-க்கு விரோதம்.

டூவீலர்காரர்களுக்கு வேலை சுலபம். சிலிண்டரில் சைலன்சர் சேரும் இடத்தில் உள்ள பேக்கிங் வளையம்தான் பெரும்பாலும் குற்றவாளி. ஆக்சிலேட்டரை விட்டதும் 'பட் பட்' என்று வெடித்தால் அந்த இடத்தைப் பாருங்கள். சைலன்சரின் பின் போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டு முன்னால் வந்தால் இங்கேயும் அதே இழுப்புக் கதைதான்.

மைலேஜும் புகைச் சான்றும்

ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் புகை வெளியே போவதோடு நிற்காது. துடிப்புக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். 'ஆக்சிஜன் அதிகமா இருக்கு, பெட்ரோல் பத்தலை' என்று கம்ப்யூட்டர் தப்பாக நினைத்து இன்னும் பெட்ரோல் விடும். மைலேஜ் குறையும். எங்கள் வண்டியில் கசிவு நின்றபிறகுதான், பெட்ரோல் இத்தனை நாள் எங்கே போனது என்று அப்பாவுக்குப் புரிந்தது.

புகைப் பரிசோதனையிலும் இந்தக் காற்று கலந்து அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். அதை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாரத் ஸ்டேஜ் 2, 3 பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.5 சதவீதம், ஸ்டேஜ் 4-க்கு 0.3 சதவீதம். சான்றின் செல்லுபடி ஸ்டேஜ் 4, 6 வண்டிகளுக்கு ஓராண்டு, அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம். புகை வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-இன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது, மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியும் போகலாம். சான்று எப்போது முடிகிறது என்பதை எம்பரிவாஹன் செயலியில் பார்க்கலாம். பரிவாஹன் தளத்தின் புகைச் சான்றுப் பக்கத்தில் வண்டி எண்ணும் சேஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளும் கொடுத்தால் சான்றைப் பதிவிறக்கலாம். விதி 139-இன்படி மின்னணு வடிவிலும் ஆவணத்தைக் காட்டலாம், ஆகவே போனில் இருந்தாலே போதும்.

வண்டிக்கு 15 வயது ஆகப்போகிறதா? சொந்த உபயோக வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்க, முடிகிற தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் ஐந்து ஆண்டு. பசுமை வரியும் உண்டு. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார், கசிகிற சைலன்சரோடு போய் நிற்காதீர்கள். மதுரையில் டி.என். 58 தெற்கு, டி.என். 59 வடக்கு, டி.என். 64 மத்தி என்று மூன்று அலுவலகங்கள். உங்கள் வண்டி எதில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக பில். நாங்கள் முதல் மூன்று தடவையும் பில் வாங்கவில்லை. அதனால் 'அண்ணே, நீங்கதான் செஞ்சீங்க' என்று சொல்லக்கூட எங்களிடம் துண்டுக் காகிதம் இல்லை. என்ன வேலை, எந்தப் பாகம், எவ்வளவு நாள் உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள். ஒரே வேலைக்குத் திரும்பத் திரும்பப் பணம் கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், பிரச்சினை ஏற்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே கொடுக்கலாம்.

எங்கள் ஆம்னிக்கு ஒரு மவுண்டிங், சைலன்சர் ரப்பர் முழு செட், நாலு ஸ்டட், ஒரு பேக்கிங் மாற்றினோம். ஃபிளேஞ்சை லேத்தில் சமம் செய்தோம். மொத்தச் செலவு மூன்று வெல்டிங்குக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிடக் கூடத்தான் ஆனது. மறுநாள் ஆறிய வண்டியில் நட்டை ஒரு தடவை இறுக்கிக்கொண்டு வந்தோம். சீட்டு மூடியின் ஓர ரப்பரையும் மெக்கானிக் அண்ணன் மாற்றச் சொன்னார், அதையும் செய்தோம். அம்மா இப்போது மார்க்கெட் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருகிறார். அப்பாதான் கொஞ்சம் அமைதியாக இருக்கலாமே என்கிறார்.